உப்புக் காற்றும் அலுமினியச் சைக்கிளும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோர வீதிகளில் ஏற்றம் என்று சொல்லத்தக்க ஏற்றம் எதுவும் இல்லை. மாரவிலவிலிருந்து சிலாபம், முந்தல், மதுரங்குளி, பாலாவி ஊடாகப் புத்தளம் நகரை அடையும் ஏ-3 வீதியும், பாலாவியில் மேற்கே பிரிந்து நுரைச்சோலை, தலவில முதலிய இடங்களைக் கடந்து கற்பிட்டியின் ஒல்லாந்தர் கோட்டைவரை செல்லும் குடாநாட்டு வீதியும் கடல்மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்த சமதரையில்தான் ஓடுகின்றன. ஆகவே, பாரம் குறைந்தது என்பதையே முதற் பெருமையாகக் கூறி விற்கப்படும் அலுமினிய றேசிங் சைக்கிளை இக்கரையில் வாங்குபவர், மலைநாட்டில் வாழும் ஒருவர் அதனால் பெறும் பயனை அப்படியே பெறுவார் என்று எதிர்பார்க்க முடியாது. நுவரெலியாவின் வளைவுகளில் ஒரு கிலோகிராம் குறைந்தால் கால்களுக்குத் தெரியும், ஆலங்குடாவில் தெரியாது. இங்கே வண்டியையும் அதை ஓட்டுபவரையும் சோதிப்பவை காற்றும் உப்பும் மணலும், புத்தளத்துச் சைக்கிள் கடைகளில் எளிதில் கிடைக்காத உதிரிப் பாகங்களுமே.

பேச்சுவழக்கில் றேசிங் சைக்கிள் எனப்படுவது, ஆட்டுக்கிடாயின் கொம்பைப் போலக் கீழ்நோக்கி வளைந்த ஹாண்டிலும், ஒடுங்கிய டயர்களும், முன்னும் பின்னுமாகப் பல பற்சில்லுகளும் கொண்ட தார்வீதி வண்டியாகும். போட்டியாளர்கள் ஓட்டும் காபன் இழை வண்டிகள் பல ஆயிரம் டொலர் விலை பெறும் நிலையில், வாரயிறுதிகளில் உடல்நலத்துக்காகவும் பொழுதுபோக்காகவும் ஓட்டுபவர்கள் நாடும் நடுத்தர வண்டி உலகச் சந்தையில் ஏறத்தாழ 1000 டொலரிலிருந்து 1800 டொலர்வரை விற்கப்படுகிறது. அதன் சட்டகம் பெரும்பாலும் அலுமினியத்தாலும், முன்சில்லைத் தாங்கும் கவை காபன் இழையாலும் ஆனவை. 2022 மார்ச் மாதத்துக்கு முன் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்து, அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியபோது, இந்த வண்டி நடுத்தர விலையது என்ற பெயரை இலங்கையில் இழந்துவிட்டது எனலாம். அதே ஆண்டு ஜூன் இறுதியில் எரிபொருள் விநியோகம் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டதும், மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருந்த பழைய சைக்கிள்களெல்லாம் நாடெங்கும் வீதிக்கு வந்தன. தேவைக்காக அப்போது பெடல் மிதிக்கத் தொடங்கியவர்களுள் சிலர் எரிபொருள் வரிசைகள் மறைந்த பின்னும் அதை விட மனமின்றி, பாவித்த றேசிங் வண்டிகளைத் தேடி வாங்கும் நிலைக்கு வந்தமை அந்த நெருக்கடியின் எதிர்பாராத விளைவுகளுள் ஒன்று.

அலுமினியம் இத்தகைய வண்டிகளுக்கு எப்படி வந்தது என்பதை அறிந்தால் அதன் குணங்களைப் புரிந்துகொள்வது எளிது. ஒரே கனவளவுள்ள உருக்கின் நிறையில் அலுமினியத்தின் நிறை ஏறத்தாழ மூன்றிலொன்று; ஆனால் அதன் விறைப்பும், அதாவது விசைக்கு வளையாமல் நிற்கும் தன்மையும், ஏறத்தாழ மூன்றிலொன்றுதான். உருக்குக் குழாயின் அதே பருமனில் அலுமினியக் குழாயை வைத்தால் வண்டி துவண்டுபோகும். இதற்குத் தீர்வாக, குழாயின் விட்டத்தைப் பெருக்கினால் அதன் விறைப்பு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி உயரும் என்ற பொறியியல் உண்மையைப் பயன்படுத்தி, 1970களில் அமெரிக்காவில் கேரி கிளைன் பருத்த குழாய்களாலான சட்டகங்களைச் செய்யத் தொடங்கினார். 1983 இல் கனொண்டேல் நிறுவனம் அத்தகைய வண்டிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1998 இல் மார்கோ பந்தானி பிரான்சுச் சுற்றுப்போட்டியை வென்றது அலுமினியச் சட்டகத்தின்மீதுதான். அடுத்த சில ஆண்டுகளில் காபன் இழை உச்சப் போட்டிகளைப் பிடித்துக்கொண்டதால், அலுமினியம் படியிறங்கிப் பொதுமக்களின் வண்டியாயிற்று. இந்த இறக்கம் வாங்குபவருக்கு நன்மையாகவே முடிந்தது. முன்னாளில் வெற்றிவீரர் ஓட்டிய தரத்தைவிட மேலான வண்டியை இன்று ஒரு வங்கி எழுதுவினைஞரும், முடிந்தால், வாங்கலாம்.

அலுமினிய வண்டி கடினமானது, வீதியின் ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்புக்கு அறிவிப்பது என்ற பழி நெடுநாளாக உண்டு. அந்தப் பழியின் பெரும்பங்கு 23 மில்லிமீற்றர் அகலமான டயருக்கும், அதற்குள் 110 பிஎஸ்ஐ அளவில் அடைக்கப்பட்ட காற்றுக்குமே உரியது. இன்றைய வண்டிகள் 28 அல்லது 32 மில்லிமீற்றர் டயரை ஏற்பதால், அமுக்கத்தை 70 பிஎஸ்ஐ அளவுக்கோ அதற்கும் கீழோ குறைத்து ஓட்டலாம். அவ்வாறு செய்தால் சட்டகம் எந்த உலோகம் என்பதையே ஓட்டுபவர் மறந்துவிடக்கூடும். ஏ-3 வீதியில் சீமெந்து லொறியொன்று பின்னால் நெருங்கும்போது தார் ஓரத்தைவிட்டு மணலுக்கும் சரளைக்கும் இறங்க நேர்வது இங்கு வழக்கமாகையால், அகன்ற டயர் என்பது சொகுசு மட்டுமன்று, கீழே விழாமலிருப்பதற்கான காப்புமாகும். புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் உரிய கட்டாக்காலிக் கழுதைகள் விடியற்காலையில் வீதி நடுவே அசையாமல் நிற்கும் பழக்கமுடையவை என்பதையும் இவ்விடத்தில் சேர்த்துச் சொல்லவேண்டும். மணி அடித்தாலும் அவை விலகுவதில்லை.

சமதரையில் வண்டியை எதிர்ப்பது பாரமன்று, காற்று. ஓட்டுபவரும் வண்டியுமாக 85 கிலோகிராம் எனக் கொண்டு, சாதாரணமான உடல் நிலையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தைக் காற்றில்லாத காலையில் காப்பதற்கு ஏறத்தாழ 160 வாற்று வலு தேவைப்படும் என்று கணக்கிடலாம். அதில் முக்காற் பங்குக்குச் சற்றுக் குறைவான பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. ஒன்றரைக் கிலோகிராம் பாரம் குறைந்த விலையுயர்ந்த வண்டிக்கு மாறினால் மிச்சப்படுவது ஒரு வாற்றுக்கும் குறைவு. அதேவேளை, முழங்கையை மடித்துக் குனிந்து ஹாண்டிலின் கீழ்வளைவைப் பிடிப்பதால் காற்றின் எதிர்ப்பு ஐந்திலொரு பங்கு குறைந்தாலே இருபது வாற்றுக்கு மேல் மிஞ்சும், அதுவும் ஒரு ரூபா செலவின்றி. இந்தக் கணக்கை விற்பனையாளர் எவரும் முன்வந்து சொல்லமாட்டார்.

கற்பிட்டிக் காற்று அற்பக் காற்றன்று. மாம்புரியில் 2010 இல் காற்றாலை மின்நிலையம் இயங்கத் தொடங்கியதும், மே தொடக்கம் செப்டெம்பர்வரை பட்டம் கட்டி அலைச்சறுக்கும் வெளிநாட்டவர் கண்டக்குழிக் கரைக்கு வந்து குவிவதும் இந்தக் காற்றை நம்பித்தான். சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்று மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் நேரெதிராக வீசினால், மேலே சொன்ன அதே 160 வாற்றைச் செலவிடும் ஓட்டுபவரின் வேகம் மணிக்கு 20 கிலோமீற்றருக்கு இறங்கிவிடும். குடாநாட்டு வீதி தென்கிழக்கிலிருந்து வடமேற்காகவும் வடக்காகவும் செல்வதால், சோளக காலத்தில் கற்பிட்டியை நோக்கிய பயணம் இடப்புறப் பின்காற்றின் உதவியோடு சுகமாக அமையும். புதியவர்கள் அதைத் தம் காலின் வலிமை என்று எண்ணிக்கொள்வர். திரும்பும் வழியில் அதே காற்று வலப்புற முன்பக்கத்திலிருந்து வந்து அந்த எண்ணத்தைத் திருத்திவிடும். வாடைக்காற்று வீசும் டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையான காலத்தில் நிலைமை ஏறத்தாழத் தலைகீழாகும் என்பதால், பழகியவர்கள் பயணத்தின் முதற்பாதியைக் காற்றுக்கு எதிராகவே திட்டமிடுகின்றனர்.

குழுவாகச் செல்வோருக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. முன்செல்பவரின் பின்னே ஒதுங்கினால் காற்றின் சுமை பெரிதும் குறையும். ஆனால் காற்று பக்கவாட்டில் வரும்போது அந்த ஒதுக்கிடம் நேர்பின்னாக இல்லாமல் சாய்வாக அமைகிறது. கற்பிட்டியை நோக்கிச் செல்கையில் அது முன்செல்பவரின் வலப்பக்கம், அதாவது வாகனங்கள் முந்திச்செல்லும் பக்கம். திரும்புகையில் இடப்பக்கம், அதாவது மணல் ஓரம். போட்டியாளர்கள் வீதியின் முழு அகலத்தையும் அடைத்துச் சாய்வரிசையில் செல்வதைத் தொலைக்காட்சியில் கண்டு அதைப் பாலாவி வீதியில் பின்பற்றுவது அறிவுடைமையாகாது. மூடப்பட்ட வீதியில் அது கலை, பஸ் ஓடும் வீதியில் ஆபத்து.

கியர் அமைப்பைப் பற்றியும் சற்றுச் சொல்லவேண்டும், ஏனெனில் விலையை உயர்த்துவதில் சட்டகத்துக்கு அடுத்த இடம் அதற்குரியது. ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் தன் றேசிங் பாகங்களைக் கிளாரிஸ், சோரா, தியாக்ரா, 105 எனப் படிநிலைகளாகப் பெயரிட்டு விற்கிறது. படி உயர உயரப் பின்சில்லின் பற்சக்கரங்கள் எட்டிலிருந்து பன்னிரண்டுவரை பெருகுகின்றன. பெரும்பாலான நடுத்தர வண்டிகள் மலை ஏறுவதையும் கருத்திற்கொண்டு அகன்ற வீச்சுள்ள பற்சக்கரத் தொகுதியோடு வருவதால், எட்டுச் சக்கரத் தொகுதியில் 15 பற்களுக்கு அடுத்தது 18 பற்கள் என்ற இடைவெளி ஏற்படுகிறது. எதிர்காற்றில் மிதிக்கும்போது ஒன்று பாரமாகவும் மற்றது வெறுமையாகவும் தோன்றுவது இதனால்தான். பன்னிரண்டு சக்கரங்களுக்குப் பெருந்தொகை கொடுப்பதற்குப் பதிலாக, அதே எட்டுச் சக்கர அமைப்பில் 12 முதல் 25 பற்கள்வரை நெருக்கமாக அடுக்கிய தொகுதியைப் பொருத்திக்கொண்டால் இக்கரைக்கு அது போதும். மலையே இல்லாத ஊரில் 32 பற்கள் கொண்ட சக்கரம் வெறும் அலங்காரம்.

உப்பைப் பற்றிய கதை இதைவிட நீளமானது. அலுமினியம் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை பாதி உண்மை மட்டுமே. உருக்கைப் போல அது செந்நிறமாகப் பொரிந்து உதிராது; காற்றுப் பட்டவுடன் அதன் மேற்பரப்பில் சில நனோமீற்றர் தடிப்புள்ள ஒட்சைட்டுப் படலம் உருவாகி உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. மகனீசியமும் சிலிக்கனும் சேர்ந்த 6061 எனப்படும் கலப்புலோகம், சைக்கிள் சட்டகங்களில் மிகப் பரவலாகப் பயன்படுவது, கடற்காற்றையும் ஓரளவு நன்றாகவே தாங்கும். ஆனால் கடலுப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தைச் சிறு புள்ளிகளில் துளைக்கும் இயல்புடையது. வர்ணப்பூச்சு கீறப்பட்ட இடத்தில் வெண்பொடியும், வர்ணத்தின் அடியில் கொப்புளமும் தோன்றுவது இதன் அடையாளம். கடலுக்கும் களப்புக்கும் இடையில் ஒடுங்கிய நிலமாகக் கிடக்கும் குடாநாட்டிலும், உப்பளங்கள் விரிந்த பாலாவியிலும் வண்டியை வெளியே சாத்தி வைத்திருந்தாலே போதும், ஓட்டவேண்டியதில்லை. உப்பு அதைத் தேடி வந்துவிடும்.

உண்மையான சேதம் சட்டகத்தின் வெளிப்பரப்பில் அன்றி, அலுமினியம் வேறொரு பொருளைத் தொடும் இடங்களில்தான் நிகழ்கிறது. வெவ்வேறு உலோகங்கள் இரண்டு தொட்டுக்கொண்டிருக்க, அவற்றின் நடுவே உப்புநீர் புகுந்தால், அவை ஒரு சிறு மின்கலமாகி, அவற்றுள் தாழ்ந்த மின்னழுத்தமுடையது கரையத் தொடங்கும். சைக்கிளில் இருக்கும் உருக்கு, கறையில் உருக்கு, காபன் இழை என்பவற்றோடு ஒப்பிடுகையில் எப்போதும் கரைவது அலுமினியமே. தண்ணீர்ப் போத்தல் தாங்கியைப் பிடித்திருக்கும் சிறு உருக்கு ஆணிகள் சட்டகத்தின் புரியோடு ஒன்றி இறுகிப்போவதும், பெடல்கள் கழற்ற முடியாதபடி பிடித்துக்கொள்வதும் இதனால்தான். மிகவும் செலவு வைப்பது ஆசனத் தண்டு. கரைந்த அலுமினியம் ஒட்சைட்டாக மாறும்போது உலோகமாயிருந்ததைவிடக் கூடுதலான இடத்தைப் பிடிப்பதால், குழாய்க்கும் தண்டுக்கும் இடைப்பட்ட மயிரிழை வெளியை அது இறுக்கி அடைத்துவிடுகிறது. ஆண்டொன்று அசைக்கப்படாத தண்டைப் பின்னர் திருகி எடுக்க முயன்று சட்டகத்தையே பிளந்துகொள்வது அறியப்படாத விபத்தன்று. இதைத் தடுக்க வேண்டியது ஒரு சிறு கரண்டி கிறீஸ் மட்டுமே; தண்டு காபன் இழையாயின் அதற்குரிய தனிப் பசை. படகு எஞ்சின்களுக்கென மீனவர்கள் வாங்கும், நீரால் எளிதில் கழுவப்படாத கிறீஸ் உலோகப் பொருத்துகளுக்கு நன்கு உதவும்.

ஹாண்டிலைச் சுற்றியுள்ள நாடாவின் அடியில் நடப்பது இன்னும் கவனிக்கத்தக்கது, ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. புத்தளத்து வெயிலில் இரண்டு மணிநேரம் ஓட்டுபவரின் முன்கையிலிருந்து வழியும் வியர்வையும் உப்புநீரே. அது நாடாவுக்குள் ஊறி, அங்கேயே தங்கி, அலுமினியக் குழாயை அரிக்கிறது. மேலே நாடா புத்தம்புதிதாகத் தெரிகையில் உள்ளே, பிரேக் பிடி பொருந்திய இடத்தை அண்டி, குழிகளும் வெண்பொடியும் நிறைந்திருக்கக்கூடும். அத்தகைய ஹாண்டில் முன்னறிவிப்பின்றி முறியும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நாடாவைப் பிரித்துப் பார்ப்பது இக்கரையில் கட்டாயம்.

வண்டியை நன்னீரால் கழுவுவதே எளிய பரிகாரம் என்பது எங்கும் சொல்லப்படும் அறிவுரை. புத்தளத்தில் அதற்கு ஒரு திருத்தம் தேவை: கரையோரத்தின் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரே சவர்த்தண்ணீர். அதனால் கழுவி வெயிலில் காயவிட்டால் நீர் போய் உப்பு தங்கும். குழாய்நீரோ மழைநீரோ ஒரு வாளி போதும். அழுத்தமாகப் பீச்சாமல் துணியால் துடைத்து, செயினை உலர்த்தி எண்ணெய் இடவேண்டும். செயினும் கேபிள்களும் உருக்கென்பதால், ஒரே இரவில் செம்மை படர்வதைக் காணலாம். ரிம்மைப் பற்றும் பழைய வகைப் பிரேக் கொண்ட வண்டிகளில் பிரேக் ரப்பரில் பதிந்த மணல் அலுமினிய ரிம்மை ஒவ்வொரு பிடிப்பிலும் அரைத்துத் தேய்க்கும். கரகரவென்ற ஓசை கேட்டால் ரப்பரைக் கழற்றிப் பதிந்திருக்கும் மணலையும் உலோகத் துணுக்குகளையும் ஊசியால் கிளறி எடுக்கவேண்டும்.

திருத்தும் கடைகளின் நிலையைக் குறையாகச் சொல்வது நியாயமன்று. மீன்பெட்டி கட்டிய லுமாலாவையும் பழைய ரலியையும் உயிரோடு வைத்திருப்பதில் இக்கரையின் சைக்கிள் திருத்துநர்கள் தேர்ந்தவர்கள். அவர்களிடம் உள்ள பொருள்களும் அந்த வண்டிகளுக்குரியவையே. றேசிங் டயரும் பழைய பெரிய சைக்கிளின் டயரும் இரண்டுமே 28 அங்குலம் என்று வழங்கினாலும், முன்னதன் ரிம்மில் டயர் அமரும் விட்டம் 622 மில்லிமீற்றர், பின்னதில் 635 மில்லிமீற்றர். ஒன்றில் மற்றது நில்லாது. மெல்லிய வால்வுக்குச் சாதாரண பம்பின் வாய் பொருந்தாது என்பதால், விரல்நுனியளவான பித்தளை மாற்றியொன்றை வண்டியிலேயே வைத்திருக்கவேண்டும். உருக்குச் சட்டகம் பிளந்தால் வெல்டிங் கடையில் ஒட்டி அடுத்த நாளே மீன் ஏற்றலாம். அலுமினியச் சட்டகமோ செய்யப்படும்போதே வெப்பப் பதனத்தால் வலிமையூட்டப்பட்டது, அதை மீண்டும் ஒட்டினால் ஒட்டின் அண்டைப் பகுதி தன் வலிமையின் பெரும்பகுதியை இழக்கும், ஊரில் எவரும் அந்த வலிமையைத் திருப்பித் தர முடியாது. மேலும், உருக்குக்கு ஒரு வரம்புக்குக் கீழான சுமை எத்தனை முறை வந்தாலும் களைப்பு இல்லை. அலுமினியத்துக்கு அத்தகைய வரம்பு கிடையாது, சிறு சுமைகளும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். நன்கு வடிவமைத்த சட்டகம் வாரயிறுதி ஓட்டத்தைப் பல்லாண்டு தாங்குமாயினும், பெடல் அச்சைச் சூழ்ந்த ஒட்டுகளையும் ஹாண்டில் கழுத்தின் அடியையும் கழுவும்போதெல்லாம் விரலால் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பின் கியர் மாற்றியைத் தாங்கும் ஹாங்கர் என்ற சிறு துண்டு தனியே குறிப்பிடத்தக்கது. வண்டி விழுந்தால் சட்டகம் வளையாமல் தான் வளைந்து முறியும்படி வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்பட்ட இது, மாதிரிக்கு மாதிரி வடிவம் வேறுபடுவது. ஒன்றுக்கு இன்னொன்று பொருந்தாது. புத்தளத்தில் அது முறிந்தால் கொழும்பிலும் கிடைக்குமென்ற உறுதியில்லை. வண்டி வாங்கும் அன்றே இரண்டு ஹாங்கர்களைச் சேர்த்து வாங்கி ஆசனப் பையில் போட்டுக்கொள்பவர், விலையுயர்ந்த சில்லுகளை வாங்குபவரைவிடச் சிறந்த முதலீடு செய்தவராவார்.

இத்தனைக்குப் பிறகும் பாவித்த அலுமினிய வண்டியே இங்குப் பெரும்பாலோருக்கு எட்டும் விலையிலுள்ளது, அதை வாங்குவதில் தவறுமில்லை. விற்பவர் பளபளக்கும் வர்ணத்தையும் 105 என்ற எழுத்தையும் காட்டுவார். வாங்குபவர் சிறு சாவியொன்றைக் கையோடு கொண்டுசென்று ஆசனத் தண்டைத் தளர்த்தி இருபுறமும் திருகிப் பார்க்கவேண்டும், போத்தல் தாங்கியின் ஆணிகளைக் கழற்ற முயலவேண்டும், ஹாண்டில் நாடாவின் முனையைச் சற்று உரிக்க அனுமதி கேட்கவேண்டும். தண்டு அசைந்தால் விலை பேசத் தொடங்கலாம். அசையாவிட்டால், வண்டி அவர் உயரத்துக்கு ஏற்கெனவே மிகச்சரியாக அமைந்திருந்தாலன்றி, விட்டுவிடுவதே நலம்; அவ்வாறு அமைந்திருந்தாலும் கேட்ட விலையில் பாதிக்கு மேல் கொடுக்கவேண்டியதில்லை.